எலிஸ் தீவும் எட்வேட் கோர்சியும்

நியூயோர்க் துறைமுகத்தின் வாயிலிலே, சுதந்திர தேவியின் சிலை நிற்கும் தீவுக்கு அண்மையில், எலிஸ் தீவு என்னும் சிறு நிலப்பரப்பு ஒன்று உண்டு. 1892ஆம் ஆண்டு தொடக்கம் 1954ஆம் ஆண்டு வரை, ஐக்கிய அமெரிக்காவிற் குடியேற வந்தோரைச் சோதித்து ஏற்கும் நிலையமாக அது விளங்கிற்று. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் மக்கள் அத்தீவின் மண்டபங்களைக் கடந்து புதிய நாட்டினுட் புகுந்தனர். அவர்களுள் ஒருவன் எட்வாடோ கோர்சி என்னும் பத்து வயதுச் சிறுவன். 1907ஆம் ஆண்டு, பெற்ற தாயின் கையைப் பற்றிக்கொண்டு அவன் அங்கு வந்திறங்கினான். இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின் அதே தீவுக்கு அவன் மீண்டும் வந்தான். இம்முறை அவன் வந்தது அத்தீவின் ஆணையாளனாக.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் இது உழைப்பால் உயர்ந்த ஏழைச் சிறுவனின் கதையாகிவிடும். அமெரிக்கர் அத்தகைய கதைகளைப் பெரிதும் விரும்புவர். ஆனால் கோர்சியின் வரலாறு அவ்வளவு எளிதன்று. தான் நுழைந்த வாசலின் திறவுகோல் தன் கையிலே தரப்பட்டபோது, அவ்வாசல் ஏறக்குறைய மூடப்பட்டிருந்ததை அவர் கண்டார். பிற்காலத்தில் அதனைச் சிறிதளவேனும் திறக்க முயன்றதற்காகப் பதவியையும் இழந்தார்.

கோர்சி 1896ஆம் ஆண்டு இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள அப்ருட்சி மலைநாட்டிற் கப்பெஸ்திரானோ என்னும் ஊரிற் பிறந்தார். அக்காலத்திற் கப்பலேறிய இத்தாலியருட் பெரும்பாலார் நிலமற்ற உழவர். இத்தாலி ஒரே நாடாக ஒன்றுபட்ட பின்னரும் தென்பகுதியின் வறுமை தீரவில்லை. வரியும் குத்தகையும் மலேரியாவும் அம்மக்களை வாட்டின. 1880 தொடக்கம் 1920 வரையான காலத்தில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குப் போயினர். அவருட் பலர் சில ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர் என்பதும் கருதத்தக்கது. கோர்சியின் குடும்பமோ வேறு வகையானது. தந்தையார் பிலிப்போ கோர்சி, இத்தாலிய விடுதலை வீரர் மத்சினியின் குடியரசுக் கொள்கையைப் போற்றியவர். அரசியலிலும் பத்திரிகைத் துறையிலும் ஈடுபட்டவர். பெண்மக்கள் இருவருக்கு வழங்கிய பெயர்களே அவ்வீட்டின் இயல்பைக் காட்டும். ஒருத்தி பெயர் லிபெர்த்தா. சுதந்திரம் என்னும் பொருளது. மற்றவள் ஹெல்வேத்தியா; குடியரசு நாடாகிய சுவிற்சர்லாந்தின் பழம்பெயர் அது. தந்தையார் பிள்ளைகள் இளையராயிருக்கையிலேயே காலமானார். தாயார் மறுமணஞ் செய்துகொண்டார். மாற்றுத் தந்தையோடும் தாயோடும் பிள்ளைகள் நால்வரும் நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து 'புளோரிடா' என்னும் கப்பலிற் புறப்பட்டனர்.

அக்கப்பலின் பெயர் வானொலியின் வரலாற்றிலும் இடம்பெற்றதொன்று. 1909ஆம் ஆண்டு சனவரியில், மெசினாப் பூகம்பத்தில் உயிர்தப்பிய மக்களை ஏற்றிவந்த 'புளோரிடா', மூடுபனியில் 'ரிப்பப்ளிக்' என்னும் கப்பலோடு மோதிற்று. கம்பியில்லாத் தந்தி மூலம் விடுக்கப்பட்ட அபாயக் குறியைக் கேட்டு ஏனைய கப்பல்கள் விரைந்து வந்தமையால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப்பட்டனர். கோர்சி குடும்பத்தார் பயணஞ் செய்தது அதற்கு ஓராண்டுக்கு முன்னர். ஆயிரத்தறுநூறு இத்தாலியர் நெருங்கியிருந்த அக்கப்பலிற் பதினான்கு நாட் பிரயாணம். பதினைந்தாம் நாட் காலை, பனிமூட்டத்தினூடே நியூயோர்க்கின் உயர்ந்த மாளிகைகளைக் கண்ட சிறுவர், அவற்றை மலைகள் என்றே எண்ணினராம். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு வானளாவிய எதுவும் மலையாகவே தோன்றும்.

1907ஆம் ஆண்டுபோல் அமெரிக்க வாசலில் நெரிசல் மிகுந்த ஆண்டு அதற்கு முன்னர் இருந்ததில்லை. அவ்வாண்டில் 12,85,349 பேர் அந்நாட்டுட் புகுந்தனர். ஏப்பிரில் 17ஆந் தேதி ஒரே நாளில் எலிஸ் தீவைக் கடந்தோர் தொகை 11,747. வந்தவர்கள் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் பெருமண்டபத்துக்குச் செல்லவேண்டும். படியேறுவோருக்கு மூச்சிரைக்கிறதா, கால் நொண்டுகிறதா என்று மருத்துவர் மேலிருந்து நோக்குவர். ஐயத்துக்குரியோரின் மேற்சட்டையிற் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து இடப்படும். கண்ணுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, சித்தசுவாதீனத்துக்கு ஒன்று என எழுத்துகள் வகுக்கப்பட்டிருந்தன. கண்ணிமையைப் புறம்புரட்டிப் பார்க்குஞ் சோதனையை எவரும் மறந்ததில்லை. அதன்பின் பெயர், தொழில், கைப்பணம், போகுமிடம் பற்றிய வினாக்கள். நூற்றுக்கு இருவரே திருப்பியனுப்பப்பட்டனர் என்று கணக்குக் கூறும். எனினும் ஒரு குடும்பத்தில் ஒருவர் அந்த இருவருள் ஒருவராய்விட்டால், மற்றையோர் உடன் திரும்புவதா, பிரிந்து நிற்பதா என்பதை அந்த மண்டபத்திலேயே முடிவு செய்யவேண்டியிருந்தது. அவ்வாண்டு அத்தீவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, இரவில் சட்டம் பயின்றுவந்தார் ஓர் இத்தாலியரின் மகன். அவரே பின்னாளில் நியூயோர்க் நகரபிதாவாய்ப் புகழ்பெற்ற பியொரெல்லோ லா காடியா.

கோர்சி குடும்பம் சோதனைகளைக் கடந்து கிழக்கு ஹார்லெம் பகுதியிற் குடியேறிற்று. இத்தாலியர் அடர்ந்து வாழ்ந்த பகுதி அது. ஒரே ஊரவர் ஒரே தெருவில் வீடு பிடித்துக்கொள்வது வழக்கம். தத்தம் ஊர்ப் புனிதரின் திருவிழாவையும் ஊர்ப் பகையையும் கடல்கடந்து கொண்டுவந்திருந்தனர். மலைக்காற்றுக்கும் விரிந்த வெளிக்கும் பழகிய தாயாருக்கு அங்குள்ள வீட்டின் நெருக்கடி பொருந்தவில்லை. வெளிச்சம் வரும் ஒரே யன்னலருகே அமர்ந்து வானத்தைப் பார்ப்பதிலேயே அவரது பொழுது கழிந்தது. நோயுற்ற அவர் சில ஆண்டுகளில் இத்தாலிக்குத் திரும்பிச்சென்று அங்கேயே உயிர்நீத்தார். குடியேற்றத்தின் வெற்றியைக் கூறும் நூல்கள் இத்தகைய தாய்மாரை எண்ணிக்கையிற் சேர்ப்பதில்லை. கோர்சி தம் நூலில் அவரைச் சேர்த்தார்.

இளைஞர் கோர்சி தெருவிளக்கு ஏற்றுதல் முதலான சிறு தொழில்களைச் செய்துகொண்டே கல்வி கற்றார். எட்வாடோ என்னும் பெயர் எட்வேட் ஆயிற்று. போடம் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று பட்டம் பெற்றார். குடியேறியோர் பிள்ளைகளுக்குச் சட்டக்கல்வி அக்காலத்தில் ஓர் ஏணி. அதில் ஏறியவர் பலர் தம் தெருவைவிட்டு அகன்றனர். கோர்சியோ அத்தெருவிலேயே தங்கினார். 116ஆம் தெருவில் 'ஹார்லெம் இல்லம்' என்னும் சமூகசேவை நிலையம் ஒன்றிருந்தது. அனா றுடி என்னும் கனேடியப் பெண்மணி இத்தாலியப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'வீட்டுத் தோட்டம்' என்னும் சிறு கூடமே அவ்வாறு வளர்ந்தது. அதன் தலைமைப் பொறுப்பு கோர்சியிடம் வந்தது. ஆங்கிலம் அறியாதாருக்கு ஆங்கிலமும், குடியுரிமை வேண்டுவோருக்கு அதற்கான பயிற்சியும் அங்குக் கிடைத்தன. வீட்டுக்காரனோடு வழக்கு, வேலைத்தலத்திற் காயம், ஊரிலிருந்து வரவேண்டிய மனைவிக்கு விசா என்று நாள்தோறும் மக்கள் வந்தவண்ணமிருந்தனர். பின்னர் அப்பகுதியின் இடதுசாரிக் கொங்கிரஸ் உறுப்பினராய்ப் பெயர்பெற்ற வீட்டோ மார்க்கந்தோனியோவும் இளமையில் அவ்வில்லத்தோடு தொடர்புடையவரே. அரசியலில் இருவரும் வெவ்வேறு வழி சென்றனர். கோர்சி குடியரசுக் கட்சியைச் சேர்ந்தார்.

இதற்கிடையில் நாட்டின் மனநிலை மாறிவிட்டது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர், தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் அமெரிக்க இனத்தின் தூய்மையைக் கெடுப்பர் என்னும் கொள்கை, கற்றோரிடையேயும் பரவிற்று. 1917ஆம் ஆண்டில் எழுத்தறிவுச் சோதனை வந்தது. அதே சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்த வலயமாக்கிற்று. இலங்கையும் அவ்வலயத்துள் அடங்கிற்று. 1921இலும் 1924இலும் நிறைவேறிய சட்டங்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுதோறும் இத்தனை பேர் என்று பங்கு வகுத்தன. 1921இல் இத்தாலிக்கு நாற்பத்தீராயிரம் அளவிலிருந்த பங்கு, 1924இல் 3,845 ஆயிற்று. 1929 முதல் 5,802. அவ்வாண்டு பிரித்தானியாவுக்கு வழங்கப்பட்ட பங்கோ 65,721. விசா வழங்கும் பொறுப்பு வெளிநாடுகளிலுள்ள தூதரகங்களுக்கு மாறியமையால், எலிஸ் தீவின் பெருமண்டபத்துக்கு வேலையில்லாது போயிற்று. வரவேற்கும் இடமாயிருந்த தீவு, தடுத்து வைக்கும் இடமாகவும் நாடுகடத்தும் துறையாகவும் மாறிற்று.

அந்தத் தீவுக்குத்தான் 1931ஆம் ஆண்டில் சனாதிபதி ஹூவர், கோர்சியை ஆணையாளராய் நியமித்தார். இத்தாலியக் குடியிருப்புகளில் இது பெருமகிழ்ச்சியை விளைத்தது. ஆயின் நியமித்த அரசின் நோக்கம் வேறு. பொருளாதார மந்தம் நாட்டைப் பிடித்திருந்த காலம் அது. வேலையற்றோர் இலட்சக்கணக்கிற் பெருகினர். பொதுப்பணத்துக்குப் பாரமாகக்கூடியவர் எவருக்கும் விசா வழங்கலாகாதென்னும் விதியைக் கண்டிப்பாய்ப் பின்பற்றும்படி 1930 செத்தெம்பரிலேயே தூதரகங்களுக்குக் கட்டளை சென்றிருந்தது. தொழிற் செயலாளர் வில்லியம் டோக், அந்நியரை வெளியேற்றினால் அமெரிக்கருக்கு வேலை கிடைக்கும் என்று பறைசாற்றி, நாடுகடத்தலைத் தம் முதற்பணியாகக் கொண்டார். 1932ஆம் நிதியாண்டிற் குடியேற வந்தோர் 35,576 பேர். நாட்டைவிட்டு நீங்கினோர் 1,03,295 பேர். அவ்வாண்டு நாடுகடத்தப்பட்டோர் தொகை 19,426. அடுத்த ஆண்டு 19,865.

மேற்குக் கரையிலிருந்து புறப்படும் தனிப் புகைவண்டிகள், வழியெங்கும் நாடுகடத்தப்பட வேண்டியோரைச் சேர்த்துக்கொண்டு கீழ்க்கரைக்கு வரும். அவர்கள் எலிஸ் தீவிற் கப்பலுக்காகக் காத்திருப்பர். குற்றம் புரிந்தவர் சிலர், நோயுற்றோர் சிலர், வேறு பிழை யாதுமின்றிச் சட்டப்படி விசா இல்லாமல் உட்புகுந்து, ஆண்டுக்கணக்காய் உழைத்து, அமெரிக்காவிற் பிறந்த பிள்ளைகளைப் பெற்றிருந்தோர் பலர். 1924ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாவின்றி வந்தவரை எத்தனை ஆண்டு கழிந்தபின்னரும் வெளியேற்றலாம். நாடுகடத்தும் ஆணை வாஷிங்டனிலிருந்து வரும். குடும்பத்தின் நிலைமையை எண்ணி அவ்வாணையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைச் சட்டம் எவருக்கும் வழங்கவில்லை. அத்தகைய அதிகாரம் 1940ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் இடம்பெற்றது. ஆகவே, தீவின் ஆணையாளர் கைதியின் கதையைக் கேட்கலாம், கோவையைப் படிக்கலாம், தலைநகருக்கு எழுதலாம், முடிவிற் கப்பலேற்றவும் வேண்டும்.

கோர்சி கப்பலேற்றினார். இதனை மறைத்தல் வரலாறாகாது. நாடுகடத்தல் உச்சத்திலிருந்த ஆண்டுகளில் அத்தீவின் ஆணையாளராயிருந்தவர் அவரே. பதவியைத் துறந்திருக்கலாமே என்று கேட்பதும் எளிது. தமக்குப் பின் வருபவர் அந்த மண்டபத்தைத் தாயின் கையைப் பற்றிக் கடந்தவராய் இருக்கமாட்டார் என்பதையும் அவர் எண்ணியிருத்தல் கூடும். பதவியை விட்டபின், 1935இல் அவர் வெளியிட்ட 'சுதந்திரத்தின் நிழலில்' என்னும் நூலில், நாடுகடத்தற் சட்டம் மனிதத்தன்மையற்ற கொடுமையாய் முடிவதை வெளிப்படையாய்ச் சாடினார். குடும்பத்தலைவனைப் பிரித்தனுப்பும் கடமையே தம் பணிகளுள் மிகக் கொடியதென்று அவர் கருதினார். எலிஸ் தீவின் வரலாற்றை அதனுள்ளே இருந்து கண்டவர் எழுதிய நூலாதலின், குடியேற்றத்தை ஆராய்வோர் இன்றும் அதனை நாடுவர்.

1933ஆம் ஆண்டு றூஸ்வெல்ற் சனாதிபதியானார். கட்சி மாறியும் கோர்சி உடனே நீக்கப்படவில்லை. புதிய தொழிற் செயலாளர் பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் அம்மையார், டோக் அமைத்திருந்த துப்பறியும் படையைக் கலைத்தார். தீவின் நிலைமையை ஆராயக் குழுவொன்றை நியமித்தார். 1934ஆம் நிதியாண்டில் நாடுகடத்தப்பட்டோர் தொகை 8,879 ஆகக் குறைந்தது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அதனைக் கையாண்டவரின் மனமே. கோர்சி 1934இல் தீவை விட்டு, நகரபிதா லா காடியாவின் ஆட்சியில் வறியோர் நிவாரணப் பணிக்குச் சென்றார்.

இடைக்காலத்து வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1938இற் செனற்சபைத் தேர்தலிற் போட்டியிட்டுத் தோற்றார். 1943 முதல் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆளுநர் டூயியின் ஆட்சியில் நியூயோர்க் மாநிலத்தின் தொழில் ஆணையாளராயிருந்தார். 1950இல் நிகழ்ந்த நகரபிதாத் தேர்தல் மட்டும் தனியே குறிக்கத்தக்கது. அத்தேர்தலில் முன்னின்ற மூவரும் இத்தாலியிற் பிறந்து குழந்தைப் பருவத்திற் கப்பலேறி வந்தவர். மூவரும் சட்டம் பயின்றவர். வின்சென்ற் இம்பெலித்தேரியும் பேர்டினன்ட் பெக்கோராவும் சிசிலித்தீவினர், கோர்சி அப்ருட்சிக்காரர். பெக்கோரா, 1933இற் செனற்சபைக் குழுவின் சட்டத்தரணியாய், வோல் ஸ்ரிற் வங்கியதிபர்களைக் குறுக்குவிசாரணை செய்து நடுங்கவைத்தவர். கட்சியெதனையும் சாராது நின்ற இம்பெலித்தேரி பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு வென்றார். கோர்சிக்குக் கிடைத்தவை நான்கு இலட்சத்துக்குங் குறைவே. இத்தாலியர் கிளை வேரூன்றிவிட்டதை அவ்வாக்குச்சீட்டே காட்டிற்று. ஆயினும் அதே இத்தாலியரின் ஊரவர் உள்ளே வருவதற்கான பங்கு அன்றும் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்குட்பட்டதாகவே இருந்தது.

1952ஆம் ஆண்டு, சனாதிபதி ட்ரூமனின் மறுப்பையும் மீறி, மக்காரன்-வோல்டர் சட்டம் நிறைவேறிற்று. அது பழைய பங்கு முறையைப் பேணிக்கொண்டது. ஆசிய நாடுகளுக்கிருந்த முழுத்தடையை நீக்கிற்றாயினும், பெரும்பாலான ஆசிய நாடுகளுக்கு நூறு நூறு இடங்களே வழங்கிற்று. இலங்கைக்குக் கிடைத்ததும் ஆண்டுக்கு நூறே. அச்சட்டத்துக்குப் பெயர் தந்தவருள் ஒருவர் பென்சில்வேனியாவின் கொங்கிரஸ் உறுப்பினர் பிரான்சிஸ் வோல்டர். பங்குமுறைக்கு அப்பால், போரால் வீடிழந்தோருக்கும் இத்தாலியின் மிகுதியான மக்களுக்கும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட விசாக்களை வழங்க, 1953இல் அகதிகள் நிவாரணச் சட்டம் வந்தது. ஏட்டில் அது பெருந்தன்மையான சட்டம். நடைமுறையிலோ, ஒவ்வோர் அகதிக்கும் வீடும் வேலையும் தருவதாக அமெரிக்கர் ஒருவர் பிணைநிற்கவேண்டும். முந்திய இரண்டாண்டு வாழ்க்கைக்கு முழுச் சான்று காட்டவேண்டும். எல்லையைக் களவாய்க் கடந்து உயிர்தப்பியோரிடம் இரண்டாண்டுச் சான்று கேட்டனர்! சட்டத்தின் நிருவாகம், முன்னர் கூட்டாட்சித் துப்பறியுந் துறையில் இருந்த ஸ்கொட் மக்கிளவுட் என்பவரிடம் இருந்தது. ஓராண்டுக்கு மேல் கழிந்தும் வந்துசேர்ந்த அகதிகள் மிகச் சிலரே.

எழுந்த கண்டனங்களைத் தணிக்க எண்ணிய வெளிநாட்டுச் செயலாளர் டலஸ், தம் பழைய நண்பராகிய கோர்சியை அழைத்து அகதிகள் பணிக்குச் சிறப்பு உதவியாளராக்கினார். 1955ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கோர்சி பணியை ஏற்றார். ஐம்பத்தெட்டு வயதில், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், வாசலருகே மீண்டும் நின்றார். விசாக்களை விரைவுபடுத்த முற்பட்டதும் வோல்டர் எழுந்தார். முன்னொரு காலத்திற் பொதுவுடைமைவாதிகள் சார்புள்ள அமைப்புகளோடு கோர்சி தொடர்பு கொண்டிருந்தாரென்று குற்றஞ்சாட்டினார். கோர்சி அதனை முற்றாய் மறுத்தார். பல ஆண்டுகள் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவரின் கீழ்ப் பணியாற்றியவர்மீது அக்குற்றச்சாட்டு நகைப்புக்கிடமானதே. ஆனால் அக்காலம் நகைத்து ஒதுக்கும் காலமன்று. மூன்று மாதங்கூடச் சரியாய்க் கழியுமுன், கோர்சியின் நியமனம் தொண்ணூறு நாட்களுக்கே உரியதென்று டலஸ் அறிவித்தார். தென்னமெரிக்காவிற் குடியேற்றத்துக்கேற்ற நிலங்களைப் பார்த்துவரும் வேறொரு பணி தருவதாயும் கூறினார். கோர்சி அதனை ஏற்கவில்லை. ஏப்பிரில் மாதத்தில் வெளியேறி, அகதிகள் சட்டம் பாதுகாப்பு அதிகாரிகளின் பிடியிற் சிக்கிச் செயலற்றுக் கிடக்கிறதென்று நாடறியக் கூறினார்.

1931இல் கட்டளைப்படி கப்பலேற்றிய மனிதர் 1955இல் வாய்திறந்தது ஏன் என்பதை ஆராயலாம். முதன்முறை சட்டமே வாசலை அடைத்திருந்தது. சட்டம் பயின்றவர் அதற்குப் பணிந்தார். இரண்டாம் முறை சட்டம் திறந்துவிட்ட வாசலை அதிகாரிகள் அடைத்தனர். அதற்கு அவர் பணியவில்லை. இந்த வேற்றுமையில் அவருடைய வலிமையும் இருக்கிறது, குறையும் இருக்கிறது.

அவர் வெளியேறியதாற் பயன் விளையாமற் போகவில்லை. செனற்சபையின் துணைக்குழுவொன்று விசாரணை நடத்திற்று. நிருவாகத்துக்குப் புதிய பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். விசாக்கள் வேகமாய் வழங்கப்படலாயின. கோர்சி நியூயோர்க்குக்குத் திரும்பிப் பொதுப்பணியிலேயே தம் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார்.

எலிஸ் தீவு அதற்கு முன்னரே, 1954 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. மண்டபத்து யன்னற் கண்ணாடிகள் உடைந்து, சுவர்களிற் செடி முளைத்தது. 1965 ஒக்டோபர் 3ஆந் தேதி, சனாதிபதி ஜோன்சன் சுதந்திர தேவியின் சிலையடியில் மேசை போட்டு அமர்ந்து, பிறந்த நாட்டை வைத்துப் பங்கு வகுக்கும் முறையை ஒழிக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார். அங்கிருந்து பார்த்தால், நீருக்கு அப்பால், பாழடைந்துகொண்டிருந்த எலிஸ் தீவின் கோபுரங்கள் தெரியும். எட்வேட் கோர்சி அச்செய்தியைக் கேட்கும் வரை உயிரோடிருந்தார். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் அவர் காலமானார்.